அண்ணியின் இடப்பக்கம்

கேமரா வாங்கி வந்த அன்று என் வீட்டுக்காரர் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் பெட்டியைப் பிரித்தார். இவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் மகன் பிறந்தபோது கிரீஸ் கையோடு ஓடி வந்து தூக்கிய ஆள். அதைச் சொல்லிக் காட்டினேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கறுப்பாக, கனமாக அது வெளியே வந்தது. கூடவே ஒயர்கள், கழுத்துப் பட்டை, யாருக்கும் புரியாத மொழிகளில் நாலைந்து புத்தகம். பட்டையைக் கோத்துக் கழுத்தில் மாட்டியவர் சாப்பிட உட்கார்ந்தபோதும் கழற்றவில்லை. தட்டில் இடிக்கிறதே என்றால் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் முழுக்கக் கூத்துதான். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறதே என்று பேட்டரியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். மூடியைக் கழற்றக் கற்றுக்கொண்டதும் ஃபிளாஷ் தானாக எழுந்து நின்று எல்லோர் கண்ணையும் குருடாக்கியது. இரண்டாவது வாரம், மேலே இருக்கிற வட்டத் திருகை 'ஆட்டோ' என்று எழுதியிருக்கிற இடத்திலிருந்து நகர்த்தினார். அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. எண் சின்னதானால் லென்ஸில் துளை பெரிசாம், எண் பெரிசானால் துளை சின்னதாம். எதற்கு இப்படித் தலைகீழாக வைத்தான் என்று என்னைக் கேட்டார். நானா வைத்தேன்?

ஒரே தக்காளியை ஐந்து நாள் எடுத்தார். ஜன்னலோரம் ஒன்று, ஃபிரிட்ஜ் மேல் ஒன்று, மஞ்சள் பல்புக்குக் கீழே ஒன்று. ஆறாவது நாள் நான் அதை நறுக்கிச் சமையலில் போட்டுவிட்டேன். தக்காளி போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் எடுத்த படத்தில் என் மூக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும், கண் இரண்டும் கலங்கிப் போயிருக்கும். கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறவே ஒரு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் அந்த வீட்டில் நான் வெறும் மூக்குதான்.

டிரில் மெஷின் பிடித்துப் பிடித்து இவருக்குக் கை லேசாக நடுங்கும். அதற்காக மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும், கேமராவைத் தொடாமல் தள்ளி நின்று அழுத்துகிற ஒயர் சுவிட்ச் ஒன்றும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் படம் என்று சொல்லும்படி ஏதோ வர ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் விடாப்பிடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மொட்டைமாடியில் நின்று மேகத்தை எடுத்துவிட்டு வந்தார். கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று கேமராவைத் திறந்தால் உள்ளே படம் பதிகிற கார்டே இல்லை. முந்தின நாள் படங்களை ஏற்றுவதற்காகக் கழற்றிய கார்டு கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தது. கார்டு இல்லாவிட்டாலும் அந்தக் கேமரா க்ளிக் க்ளிக் என்று அடிக்கும், எடுத்த படத்தை இரண்டு விநாடி திரையில் காட்டவும் காட்டும், அப்புறம் அது போன இடம் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, கடைக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், கேமரா செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடலாம் என்றாராம். இவர் அணைக்கவில்லை. மெஷினை நம்பி மனுஷன் கவனத்தை விடக் கூடாது என்று எனக்கே வகுப்பு எடுத்தார்.

அதற்குப் பதிலாக ஒரு பட்டியல் எழுதினார். லிஃப்ட் வேலையில் அப்படித்தானாம். குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒருவர் பட்டியலை வாசிக்க வேண்டும், இன்னொருவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தொடுகிறவர் சொந்தமாக எதையும் யோசிக்கக் கூடாது, வாசித்ததை மட்டும் பார்க்க வேண்டும். சொந்தமாக யோசித்த கூட்டாளி ஒருவருக்கு மூன்று விரல் போயிருக்கிறது. கேமராவுக்கு ஆறு வரி எழுதினார்: பேட்டரி, லென்ஸ் மூடி, கார்டு, ஃபோகஸ் புள்ளி, வெளிச்சத்துக்கு வைக்கிற ஐ.எஸ்.ஓ. எண், ஸ்டாண்டு திருகு. வாசிக்கிற வேலை எனக்கு. நீ செக்கிங் பண்றவளாச்சே, உன்னை விட்டால் யார் என்றார்.

செக்கிங் என்பது உண்மைதான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக அதே மேசை. சட்டை வரும், காலரைப் பார்ப்பேன், கைப்பட்டியைப் பார்ப்பேன், பட்டன் துளையைப் பார்ப்பேன், குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பிசிறு வெளியே போனதாக யாரும் சொல்ல முடியாது.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி என்றால் இவருடைய அக்கா. ஐந்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெரிய கடை ஒன்றில் அழகுசாதனப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நல்ல நிறம், நல்ல உயரம், நடந்து வந்தால் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது அண்ணிக்கும் நன்றாகத் தெரியும்.

எங்கள் கல்யாண ஆல்பம் வந்த அன்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நானும் இவரும் நிற்கிற படத்தை அண்ணி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதில் பாதி போட்டோ, பாதி நெகட்டிவ் என்றார். நான் கறுப்பு. கூடம் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் புருஷனும் சிரித்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர், இருபத்திரண்டு வருஷமாக உரியவில்லை. நெகட்டிவ் வந்தாளா, நெகட்டிவ் சமைத்ததா, நெகட்டிவுக்கு இந்த வெள்ளைப் புடவை எதற்கு. என் மகன் ஐந்து வயதில் வந்து, அம்மா நெகட்டிவ்னா என்ன என்று கேட்டான். வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. ஆனால் ஒரு நாளும் நான் திருப்பிச் சொன்னதில்லை. சிரித்து வைப்பேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அண்ணிக்குப் பல்வலி என்று ஆரம்பித்தது. பல் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், அங்கே சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள், புற்றுநோய் என்று வந்துவிட்டது. இடது பக்க மேல்தாடை, அந்தப் பக்கப் பல் வரிசை, வாயின் மேல்கூரையில் பாதி, கன்னத்தில் கொஞ்சம், எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து, கடைச் சரக்குக் கணக்கெடுக்கிற மாதிரி என்னென்ன போகும் என்று விரல் விட்டுச் சொன்னார். இவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. வாழ்நாள் முழுக்க அதை மறைத்தவர். படம் எடுக்கிறார்கள் என்றால் வலது கன்னத்தைத்தான் கொடுப்பார், சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அது தெத்துப்பல் என்று நாங்கள் பேசிக்கொண்டால்கூட முகம் சுண்டிப்போகும். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தம்பியிடம் கேட்டது இதுதான்.

"ஃபோன்ல ஆயிரம் போட்டோ இருக்குடா. ஒண்ணுலயும் நான் இல்ல. எல்லாம் வலது பக்கம், எல்லாத்துக்கும் வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன். இந்தப் பல்ல ஒருத்தருக்கும் காட்டினதில்ல. போகப்போகுதுன்னு சொன்ன அப்புறம்தான் இதுவும் என்னோடதுன்னு தோணுது. அதோட சேத்து என்ன ஒரு தடவ சரியா எடுத்துக் குடு."

இவர் தலையை ஆட்டினார். அண்ணி இன்னொன்றும் சொன்னார். எடுத்ததை இப்போது தனக்குக் காட்டக் கூடாது, இவரும் பார்க்கக் கூடாது. இப்போது பார்த்தால் ஆபரேஷனுக்குப் போக மனசு வராது. கட்டுப் பிரித்து, புது முகத்தோடு பழகின பிறகு, தான் கேட்கும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவர் சத்தியம் செய்து கொடுத்தார்.

அந்த வாரம் சாயங்காலம் சாயங்காலம் என்னை நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். அண்ணி உயரத்துக்கு வர வேண்டும் என்று எனக்கு அடியில் இரண்டு தலையணை. என் இடது கன்னத்தில் வெள்ளைக் காகிதத்தைப் பொட்டு மாதிரி வெட்டி ஒட்டி, அதில் ஃபோகஸ் வைத்துப் பார்த்தார். ஜன்னல் திரையை ஏற்றினார், இறக்கினார். எதிர்ப்பக்கம் வெளிச்சம் தட்டித் திரும்புவதற்குத் தெர்மாகோல் பலகையை ஸ்டூலில் சாய்த்து வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதுவும் எனக்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி வந்தார். பவுடர் இல்லை, உதட்டுச் சாயம் இல்லை. கழுவின முகம். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், தாடையில் மெல்லிய ரோமம், இடது கன்னத்தில் லேசான வீக்கம். எனக்கு மனசு இளகியது. உண்மையாகவே இளகியது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, நன்றாக இருக்கிறீர்கள் அண்ணி என்றேன்.

பட்டியலை எடுக்க உள் அறைக்குப் போனேன். காகிதம் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் கார்டின் நீல விளிம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் காலையில் ஒத்திகைப் படங்களை ஏற்றிப் பார்த்திருக்கிறார், அழைப்பு மணி அடித்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். நான் நகத்தால் அதைப் பிடித்து இழுக்கப் போனேன். அப்போது கூடத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"நெகட்டிவ கேமராவுக்குப் பின்னாடி நிக்கச் சொல்லுடா. அவ நிழல் பட்டுதுன்னா நான் கறுத்துடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார், கல்யாண ஆல்பத்தில் சிரித்த அதே சிரிப்பு. பயத்தில் இருக்கிறவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், அக்கா சிரிக்கட்டும் என்று இவரும் கூடச் சிரிக்கிறார், இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்தும் என் விரல் கார்டை விட்டுவிட்டது. பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

இவர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். நான் வாசித்தேன்.

"பேட்டரி."

"இருக்கு."

"லென்ஸ் மூடி."

"கழட்டியாச்சு."

"ஃபோகஸ் புள்ளி."

"கண்ணுல இருக்கு."

மூன்றாவது வரியை நான் தாண்டியதை இவர் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்றுதானே இவர் தொழில் சொல்கிறது. நான் வாசித்ததை மட்டும் தொட்டுப் பார்த்தார். ஐ.எஸ்.ஓ. சரி, ஸ்டாண்டு திருகு சரி. எல்லாம் சரியென்று என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒயர் சுவிட்சை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். அண்ணியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்க வேண்டும், அப்போதுதான் முகம் இறுகாது என்று எங்கேயோ படித்திருந்தார். அதனால் கேமராவுக்குப் பின்னால் நின்றது நான் ஒருத்திதான். ஒவ்வொரு படமும் திரையில் இரண்டு விநாடி நிற்கும், ஓரத்தில் கார்டு இல்லை என்று பொடி எழுத்தில் வரும், அழியும்.

முதல் பத்துப் படம் மரக்கட்டை. பழக்க தோஷத்தில் அண்ணி வலது கன்னத்தையே திருப்பினார். பத்து ஆனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பயம் காட்டின மாதிரி ஆயிற்று, இவரும் ஒரு திட்டு வாங்கின மாதிரி ஆயிற்று, கார்டைப் போட்டு மறுபடி எடுக்கட்டும் என்று. பத்து ஆயிற்று. இன்னும் ஐந்து போகட்டும் என்று நினைத்தேன்.

இவர் ஏதோ பழைய கதையை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் அண்ணி கணக்கு வாத்தியாரின் நாற்காலியில் பசை தடவிவிட்டு, பழியைத் தம்பி மேல் போட்ட கதை. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போயிற்று. கையை எடு அக்கா என்று இவர் மெதுவாகச் சொன்னார். அண்ணி தம்பியையே பார்த்துக்கொண்டு கையை இறக்கினார். அதுதான் பத்தொன்பதாவது படம். எண்ணுவது என் தொழில், கை சும்மா இருந்தாலும் மனசு எண்ணிக்கொண்டே இருக்கும்.

திரையில் அது வந்தபோது நான் குனிந்து பார்த்தேன். அந்தப் பல் உதட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதனால் கன்னத்தில் ஒரு மடிப்பு விழுந்தது, கண் ஒரு பக்கம் சுருங்கியது, ஐம்பதைத் தாண்டின முகத்தில் பசை தடவின பிள்ளை அப்படியே உட்கார்ந்திருந்தது. கடையில் நின்று ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த முகத்தை விட இது நூறு மடங்கு அழகு. என்னை அந்த முகம் ஒரு தடவையாவது இப்படிப் பார்த்திருந்தால் என்று நினைத்தேன். அப்புறம் வாயைத் திறக்க எனக்கு மனசே வரவில்லை. இரண்டு விநாடியில் படம் போயிற்று.

அறுபத்தொரு படம் எடுத்தார். ஒன்றில்கூட ஃபோகஸ் தப்பவில்லை. தக்காளியையும் என் மூக்கையும் வைத்துப் பாடம் படித்த ஆள் அன்றைக்குத் தேறிவிட்டார், அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். முடிந்ததும் இவர் அக்காவின் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுக் கேமராவை அப்படியே பையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை என் கையில் கொடுத்தார். நானே கேட்டாலும் குடுத்துடாத என்றார்.

அண்ணியை வீட்டில் விட்டுவர இவர் கிளம்பியதும் நான் அலமாரியைத் திறந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கார்டைக் கழற்றிக் கேமராவில் போட்டு மூடி, பையை இருந்த மாதிரியே வைத்துப் பூட்டினேன். இவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

திங்கள் இருந்தது, செவ்வாய் இருந்தது, புதன் இருந்தது. ஏதாவது ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும். கார்டு இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஒரு தடவை திறந்து பாருங்கள் என்றால் போதும், இவரே கண்டுபிடித்து லீவு போட்டு அக்காவை மறுபடி உட்கார வைத்திருப்பார். ஆனால் அலமாரியில் இருக்கிற கேமராவில் இப்போது கார்டு இருக்கிறதே. திறந்தால், இது எப்படி உள்ளே வந்தது என்று கேட்பார். சாவி என்னிடம். என் கையாலேயே என் வாயைத் தைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் நான் செக்கிங் மேசையில் இருக்கும்போது அண்ணி என்னை ஃபோனில் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என் எண்ணுக்கு அண்ணி கூப்பிட்டதே இல்லை, எல்லாம் தம்பி மூலம்தான்.

"நீ பின்னாடி நின்னு பாத்த இல்ல. அந்தப் பல்லு தெரியுதா?"

"தெரியுது அண்ணி."

"அசிங்கமா இருக்கா? உள்ளதச் சொல்லு."

"இல்ல அண்ணி. ரொம்ப நல்லா வந்திருக்கு."

பின்னால் ஆஸ்பத்திரியில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அது போதும். நாளைக்கு மயக்க மருந்து குடுக்கும்போது அத நெனச்சுக்கறேன். அது எங்கேயும் போயிடாது, பத்திரமா இருக்குன்னு." அப்புறம் குரல் மாறியது. "உன்ன நான் சும்மா சும்மா ஏதேதோ சொல்லியிருக்கேன். மனசுல வெச்சுக்காத."

சரி அண்ணி என்றேன். மணி ஒன்று. ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம், ஸ்டாண்டும் வேண்டாம் தெர்மாகோலும் வேண்டாம், கட்டிலில் உட்கார வைத்தே எடுத்திருக்கலாம். நான் மேசைக்குத் திரும்பி, ஏழு மணி வரைக்கும் ஓவர்டைம் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு ஃபோனில் முடித்துக்கொள்கிறாயா என்று எனக்குக் கோபம் வந்தது. பயமும் இருந்தது. எது அதிகம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இடது கன்னம் உள்ளே போய்விட்டது, கண் கீழே இழுத்துக்கொண்டது, உதடு ஒரு பக்கம் மூடவில்லை. வாயின் மேல்கூரையில் விழுந்த ஓட்டையை அடைக்க ஒரு தகடு பொருத்தினார்கள். பேசினால் எல்லாம் மூக்கு வழியாக வந்தது, யாருக்கும் புரியவில்லை. அண்ணி ஃபோனில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். கடை வேலையை நிர்வாகமே நாசூக்காக நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள்.

ஏழு வாரம் கழித்து, அண்ணி தம்பிக்கு ஒரு வரி அனுப்பினார். பார்க்கலாம், கொண்டு வா என்று. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். வரமாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? போனேன்.

அண்ணி வீட்டில் கூடத்துக் கண்ணாடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. எங்களுக்காகத் தலை வாரி, நல்ல உடை உடுத்தி, டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இவர் ஒயரை டிவியில் செருகி, கேமராவை முடுக்கினார்.

தக்காளி வந்தது. லிஃப்ட் கதவு வந்தது. என் மூக்கு, என் மூக்கு, என் பாதம். அண்ணியின் வலது பக்க உதடு சிரித்தது. கன்னத்தில் காகிதப் பொட்டோடு நான், தலையணை மேல் நான், திரை ஏற்றி நான், திரை இறக்கி நான். அதற்கு அடுத்தது மறுபடியும் முதல் தக்காளி.

இவர் சிரித்துக்கொண்டே, தாண்டிட்டேன் போல என்று பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். மூன்று சுற்று சுற்றினார். கார்டைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டார். நான்காவது சுற்றில் இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் எதையோ அழுத்தியிருக்கேன் அக்கா. அன்னிக்குப் பையில வைக்கும்போது என் கை எங்கேயோ பட்டிருக்கு."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நடுங்குகிற கையை இன்னொரு கையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். இந்தக் கை, இந்தக் கை என்று. ஐம்பதை நெருங்குகிற ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அண்ணி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். மடியில் வைத்துக்கொண்டார். ஒற்றைக் கையால் ஃபோனில் எழுதித் தம்பிக்குக் காட்டினார். பரவாயில்லைடா என்று இருந்தது. நான் சுவரோரம் நின்றேன். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல ஒரு விநாடி போதும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் எதையோ எழுதினார், அழித்தார், எழுதினார். ஃபோனை என்னிடம் நீட்டினார். அதில் இருந்ததை இவரும் படித்தார்.

நீ எல்லாத்தையும் பார்த்தாய். பின்னால் நின்றது நீ மட்டும்தான். நான் எப்படி இருந்தேன்? ஒன்றுவிடாமல் சொல்லு.

நான் படித்து முடிப்பதற்குள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். இடது கண் முழுசாக மூடவில்லை. நெற்றியைச் சுருக்கி, முகத்தை என் பக்கம் திருப்பி, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்தார். இவரும் தரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அந்த மனுஷனுக்கும் இதில் ஒரு பங்கு வேண்டியிருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி," என்றேன்.

அண்ணி உடனே கண்ணைத் திறக்கவில்லை. நான் இன்னும் யோசிக்கிறேன், ஏதாவது ஒன்று வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. பத்தொன்பதில் கை இறங்கியது. இருபத்தேழில் தம்பியைத் திட்டிக்கொண்டே சிரிப்பு, பல் பாதி தெரிகிறது. நாற்பதில் ஜன்னல் பக்கம் திரும்பியபோது இடது கன்னத்தில் வெயில். ஐம்பத்திரண்டில் கண்ணில் தண்ணீர், ஆனால் வாய் சிரிக்கிறது. அறுபத்தொன்றில் லென்ஸுக்கு மேலே நிமிர்ந்து, பின்னால் நின்ற என்னை நேராகப் பார்க்கிறார். வரிசை பிசகாமல் இப்போதுகூட என்னால் சொல்ல முடியும்.

போன வாரம் நான் தனியாகப் போயிருந்தபோது அண்ணி மறுபடியும் எழுதிக் கேட்டார், ஒன்றே ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று. இல்லை அண்ணி என்றேன்.